செயினை மட்டும் மாற்றாதே, உமா

அன்புள்ள உமா,

வரிசைப்படுத்தாமல் எனக்கு எதுவும் எழுத வராது என்பது உனக்குத் தெரியும். ஆகவே முதலில், இந்தக் கடிதத்தில் என்னென்ன வரப்போகிறது என்ற பட்டியல்:

1. உன் சைக்கிளுக்கு எந்த செயின் பொருந்தும் என்பது.
2. செயின் தேய்ந்துவிட்டதை அளந்து அறிவது.
3. வழியில் செயின் கழன்றாலோ அறுந்தாலோ செய்ய வேண்டியது.
4. எழுந்து நின்று மிதிக்கக் கூடாது என்பது.
5. பிள்ளையார்பாளையத்தில் உன் செயின் தாவிய அந்தக் காலையைப் பற்றி நான் இதுவரை உன்னிடம் சொல்லாதது.

ஐந்தாவதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். அதைக் கடைசியில் வைத்திருப்பதிலேயே என் குணம் உனக்குத் தெரிந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை காலை கோயம்புத்தூரிலிருந்து நீ அனுப்பிய குரல் செய்தியை மூன்று முறை கேட்டேன். "அப்பா, பழைய சைக்கிள்தானே வாங்கினேன், அதுல செயின் தேஞ்சிடுச்சாம். கடைக்காரர் செயினு, பின்னாடி பல்லு ரெண்டையும் சேத்து மாத்தணும்றாரு. எங்கப்பா பிசிக்ஸ் வாத்தியாரு, செயின் மட்டும் மாத்தினா போதும்னு சொல்லியிருக்காருன்னு சொல்லிட்டு வந்துட்டேன். சனிக்கிழமை மாத்திடறேன். சரிதானேப்பா?" பின்னால் வண்டிகளின் சத்தம். நீ சிரித்துக்கொண்டே சொல்கிறாய். பதினேழு வருஷம் சைக்கிளைத் தொடாமலிருந்தவள், ஆஸ்பத்திரி வேலைக்குத் தினமும் மேம்பாலம் ஏறி சைக்கிளில் போகிறேன் என்று போன மாதம் சொன்னபோது உன் அம்மா சந்தோஷப்பட்டாள். நான் சந்தோஷப்பட்டேனா பயந்தேனா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. செய்தியைக் கேட்டதும், "வேண்டாம். செயினை மட்டும் மாற்றாதே. கடிதம் எழுதுகிறேன்" என்று பதில் அனுப்பினேன். "ஒரு செயினுக்கு கடிதமாப்பா?" என்று கேட்டிருந்தாய். போனிலேயே சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். உன் அம்மா தறியிலிருந்து திரும்பாமலே, "எழுதுங்க. போன்ல பேசினா பாதியில எங்கிட்ட குடுத்துட்டுப் போயிடுவீங்க" என்றாள். அவள் சொன்னது சரி. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

முதலாவது. பின்னால் ஒரே ஒரு பல்சக்கரம் இருக்கும் சாதாரண சைக்கிளுக்கு அகலமான செயின் வரும். கியர் சைக்கிளில் பின்னால் அடுக்கடுக்காகப் பல்சக்கரங்கள் இருக்கும். அடுக்கு கூடக் கூட செயின் ஒல்லியாகிக்கொண்டே போகும். அகலம் மாறினால் பொருந்தாது. பொருந்துவது போல் தெரிந்தாலும் பக்கத்து அடுக்கில் உரசும். ஆகவே கடையில் முதலில் சொல்ல வேண்டியது சைக்கிளின் பெயரை அல்ல, பின்னால் எத்தனை அடுக்கு என்ற எண்ணை. நீ அனுப்பிய படத்தில் ஏழு என்று எண்ணினேன். பூதக்கண்ணாடி வைத்து மறுபடி எண்ணினேன், ஆறு வந்தது. நீயே எண்ணிக்கொள். புது செயினைப் பழையதன் பக்கத்தில் வைத்து நீளம் பார்த்து வெட்டுவார்கள். அதற்கு விடாதே. பழைய செயின் தேய்ந்து நீண்டிருக்கும். கண்ணிகளை எண்ணி, அந்த எண்ணிக்கைக்கு வெட்டச் சொல். மழையில் வெளியே நிறுத்துகிறாய் என்றால் துருப்பிடிக்காத பூச்சுள்ளதாகக் கேட்டு வாங்கு. மற்றபடி விளம்பரத்தில் சொல்வதெல்லாம் உனக்குத் தேவைப்படாது என்று நினைக்கிறேன். கியர் சைக்கிள் நான் ஓட்டியதில்லை, இந்தப் பத்தியில் உள்ளது எல்லாம் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதுதான்.

இரண்டாவது. செயின் நீள்கிறது என்று சொல்கிறோமே தவிர, இரும்பு ரப்பர் போல இழுபடுவதில்லை. ஒவ்வொரு ஆணியும் அது நுழைந்திருக்கும் துளையும் மயிரிழை அளவு தேய்கின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட ஆணிகளில் அந்த மயிரிழைகள் சேர்ந்து நீளமாகின்றன. இதை அளக்கக் கருவி விற்கிறார்கள். உன் பள்ளிக்கூடத்து ஒரு அடி ஸ்கேலே போதும். செயினின் மேல் ஓட்டத்தில் ஏதாவது ஓர் ஆணியின் நடுவில் சைபரை வை. அடுத்த ஆணியிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போ. இருபத்து நான்காவது ஆணியின் நடு, சரியாகப் பன்னிரண்டு அங்குலத்தில் இருந்தால் புது செயின் போல. பன்னிரண்டைத் தாண்டி அரைக்கால் அங்குலத்தில், அதாவது எட்டில் ஒரு பங்கு அங்குலத்தில், பாதி போயிருந்தால் செயினை மாற்றும் வேளை வந்துவிட்டது. முழு அரைக்கால் அங்குலம் போயிருந்தால் செயின் தன்னோடு பல்லையும் தேய்த்துவிட்டது என்று பொருள். முதல் நிலையில் மாற்றினால் செயின் மட்டும் போதும். இரண்டாம் நிலையில் போதாது. இந்த வித்தியாசத்தை நான் உனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. எனக்கும் அப்போது தெரியாது. தெரிந்த ஒருவர் சொன்னார், நான் கேட்கவில்லை. அது ஐந்தாவதில் வரும்.

எண்ணெயைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் உன் சைக்கிளுக்கு ஞாயிறுதோறும் தேங்காய் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன், நினைவிருக்கிறதா? தெருப் புழுதியும் எண்ணெயும் சேர்ந்து கறுப்புக் களிம்பாகி, உன் வெள்ளைப் பள்ளிச் சீருடையின் ஓரமெல்லாம் அதுதான். "அப்பா, செயினுக்குத் தலைவாரிப் பூவும் வெச்சுடுங்க" என்று நீ ஒருமுறை கேலி செய்தாய். துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, பெடலைச் சுற்றி, மறுபடி நன்றாகத் துடைத்துவிட வேண்டும். வெளியே எண்ணெய் தெரியவே கூடாது. வேலை உள்ளேதான். இதையும் எனக்குச் சொன்னவர் அதே ஆள்தான்.

மூன்றாவது. செயின் கழன்றால் முதலில் சாலையின் இடது ஓரத்துக்கு வந்துவிடு. நின்ற இடத்திலேயே குனிந்து பார்க்காதே. உன் சைக்கிளில் பின் பல்சக்கரங்களுக்குக் கீழே, இரண்டு சின்னச் சக்கரங்களோடு தொங்கும் ஒரு கை இருக்கும். அதை முன்பக்கமாகத் தள்ளினால் செயின் தளரும். பின் பல்லில் செயின் உட்கார்ந்திருக்கிறதா என்று பார். பிறகு முன் பல்சக்கரத்தின் மேற்பக்கத்துப் பற்கள் இரண்டில் அதைப் பிடித்து வைத்து, பின் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பெடலை மெதுவாக முன்னோக்கிச் சுற்று. தானே ஏறிக்கொள்ளும். விரலைக் கொடுக்காதே, ஒரு குச்சியால் பிடி. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பழைய கையுறை எடுத்து இருக்கைக்கு அடியில் சொருகிக்கொள். அறுந்துவிட்டால், செயின் ஆணியைத் தள்ளும் சின்னக் கருவி ஒன்றும், கையாலேயே பூட்டும் இணைப்புக் கண்ணி ஒன்றும் இருந்தால் கால் மணி நேரத்தில் சரி செய்யலாம். கெட்ட கண்ணியைக் கழற்றிவிட்டு இணைப்புக் கண்ணியைப் போட வேண்டியதுதான். உன் செயின் அளவுக்குரிய இணைப்பாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வெட்கப்படாமல் தள்ளிக்கொண்டு நட. நானும் இப்போது பெரும்பாலும் தள்ளிக்கொண்டுதான் நடக்கிறேன். முழங்கால் வலி என்று சைக்கிளை விற்கச் சொல்கிறாள் உன் அம்மா. பிடித்துக்கொண்டு நடக்க அது வசதியாக இருக்கிறது.

நான்காவது. எழுந்து நின்று மிதிக்காதே. உட்கார்ந்து மிதிக்கும்போது உடம்பின் எடையில் பெரும்பகுதி இருக்கையில் இறங்குகிறது. நின்றால் மொத்த எடையும் ஒரே பெடலில் இறங்கும். அந்த விசை முழுவதையும் செயினின் மேல் பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். மேட்டில் ஏறும்போது பொறுமையாகச் சின்ன கியரில் உட்கார்ந்தே ஏறு. இதை உனக்குப் பதினாறு வயதிலிருந்து சொல்லிவருகிறேன்.

இனி ஐந்தாவது.

நீ பதினோராம் வகுப்பு படித்த வருஷம். "செயின் கழண்டுக்கினே இருக்குதுப்பா" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். தெருமுனையில் தஸ்தகீர் பாயின் சைக்கிள் கடைக்கு எடுத்துப் போனேன். பாய் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின் பல்சக்கரத்தை விரலால் தடவிப் பார்த்தார். "சார், இதைப் பாருங்க. பல்லு ஒருபக்கமா சாஞ்சி சுறா மீன் பல்லு மாதிரி ஆயிடுச்சு. செயின் மட்டும் போட்டா நிக்காது. ஃப்ரீவீலும் சேத்து போட்டுடலாம்" என்றார். நான் யாரையும் எதிர்த்துப் பேசுகிறவன் அல்ல. பேருந்தில் மீதிச் சில்லறை கேட்கக்கூட எனக்குத் தயக்கம். ஆனால் மனதுக்குள் ஓர் ஒப்புமை கிடைத்துவிட்டால், அது கணக்குப் போல் சரியாகத் தெரிந்துவிட்டால், அப்போது மட்டும் எனக்கு எங்கிருந்தோ ஒரு பிடிவாதம் வரும். வகுப்பில் அப்படித்தான் பாடம் நடத்தினேன். நம் வீட்டில் தினமும் பார்ப்பதுதானே? நீளவாக்கில் ஓடும் இழைகளான பாவு ஒன்று நெய்து முடிந்தால் தறியைப் பிரிப்பதில்லை. இழைகள் கோத்திருக்கும் அச்சும் விழுதும் அப்படியே இருக்கும். மிச்சமிருக்கும் பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழைக்கு இழை முறுக்கிப் பிணைத்து, இழுத்துவிட்டால் தறி ஓடும். உன் அம்மா ஆயிரக்கணக்கான இழைகளை அப்படி விரல் நுனியில் பிணைப்பதைப் பார்த்துத்தானே வளர்ந்தாய்?

"பாய், தறியில பாவு தீர்ந்தா பாவு மட்டும்தானே மாத்தறாங்க? அச்சையும் விழுதையும் கழட்டியா போடறாங்க?" என்று கேட்டேன். எனக்கே பெருமையாக இருந்தது.

பாய் சிரித்தார். "தறி நின்ன இடத்துல நிக்குது சார். இது ரோட்டுல ஓடுது." நான் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. என் பிடிவாதம் எப்போதும் மௌனமாகத்தான் இருக்கும். "சரி, நீங்க சொல்லிட்டீங்க, போடறேன். ஆனா பாப்பாகிட்ட சொல்லிடுங்க. கொஞ்ச நாளு மெதுவா மிதிக்கட்டும். டக்குனு சத்தம் வந்தா அன்னிக்கே வண்டியை எடுத்தாரச் சொல்லுங்க."

நான் உன்னிடம் சொல்லவில்லை. மறக்கவில்லை உமா. சொன்னால் பாய் சொன்னது சரியாக இருக்கலாம் என்று நானே ஒப்புக்கொண்டது போல் ஆகும். "புது செயின் போட்டாச்சு, இனிமே கவலையில்ல" என்றேன். செயினை மட்டும் மாற்றினால் போதும் என்ற பாடத்தையும், தறி உதாரணத்தோடு, அன்று மாலையே உனக்கு நடத்தினேன். அதைத்தான் நீ இப்போது கோயம்புத்தூர் கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறாய்.

நான்காம் நாள் காலை. பத்து வீடு தள்ளி நெய்கிற ஏகாம்பரம் தன் வீட்டு வாசலிலிருந்து கால்வாய்ப் பாலத்து மேடு வரை தெருவோரமாகப் பாவு நீட்டி, கஞ்சி போட்டு உலர்த்திக்கொண்டிருந்தார். மாம்பழ மஞ்சள். தெருவில் பாவு போட்டிருந்தால் சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். நீ அப்படிச் செய்யாமல் இருந்ததே இல்லை. அன்றும் கால்வாய்ப் பாலத்தின் மேட்டை ஏறி முடித்ததும் இறங்குவதற்குத்தான் இருந்தாய். மேடு ஏற எழுந்து நின்று ஒரு மிதி மிதித்தாய். புதுச் செயின் பழைய பல்லில் பிடிக்காமல் தாவியது. உன் கால் காற்றில் இறங்கியது. நீயும் சைக்கிளும் பாவின் மேல் விழுந்தீர்கள். நான் பூசிய எண்ணெய்க் களிம்போடு செயின் மஞ்சள் இழைகளின் மேல் படிந்து நின்றது.

சத்தம் கேட்டு நான் ஓடி வந்தபோது ஏகாம்பரம் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். "இன்னா சார் இது! ராத்திரி பகலா சுத்தின பாவு சார்! பொண்ணுக்குக் கண்ணு எங்க போச்சு?" தெரு முழுக்க வெளியே வந்து நின்றது. நான் உன்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "நின்னுக்கினு மிதிச்சா இப்படித்தான் ஆகும்." அடிபட்டதா என்று கேட்கவில்லை. உன் முழங்கையில் ரத்தம் இருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் கேட்கவில்லை.

மத்தியானம் சைக்கிளைப் பாய் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் பின் சக்கரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பெடலை இன்னொரு கையால் அழுத்தினார். செயின் பல்லின் மேல் ஏறி, டக்கென்று அடுத்த பல்லில் விழுந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி டக். "பாத்தீங்களா சார்? இதுல யாரு மிதிச்சாலும் விழுவாங்க. பாப்பா மேல தப்பு இல்ல. மொதல்ல போய் அதுகிட்ட சொல்லுங்க." நான் "சரி பாய்" என்றேன். அப்போதே, என் கண் முன்னாலேயே, பழைய பல்சக்கரத்தைக் கழற்றிப் புதியதைப் போட்டுக் கொடுத்தார்.

ஏகாம்பரம் ஈடு எதுவும் கேட்கவில்லை. "பொண்ணு வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும் சார், போதும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். சாயங்காலம் உன்னை அழைத்துக்கொண்டு போனேன். வழியில் சொல்லிவிடுவது என்று நினைத்தேன், பத்து வீடுதான் தூரம், சொல்லவில்லை. அங்கே போய்ச் சொல்லிவிடுவது என்று நினைத்தேன். ஏகாம்பரம் எழுந்து நின்று, "வாங்க சார், உக்காருங்க சார்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சுற்றி நாலைந்து பேர். அவர்கள் பிள்ளைகள் எல்லாம் என்னிடம் படித்தவர்கள். வாத்தியார் கணக்குத் தப்பாகிவிட்டது என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எனக்குச் சொல்ல வரவில்லை. நீ தலை குனிந்து, "மன்னிச்சிடுங்க மாமா. நின்னுக்கினு மிதிச்சது என் தப்புதான்" என்றாய். காலையில் நான் உன் வாயில் போட்ட வார்த்தை. ஏகாம்பரம் முகம் மாறியது. "போவுது வுடும்மா. ஆமா, கையில இன்னா துணி கட்டிக்கினு இருக்கே? அடி பலமா?" என்றார். அந்தக் கேள்வியை அன்று முழுவதும் உன்னிடம் கேட்ட ஒரே ஆண் அவர்தான்.

கறுத்த இழைகளை வெட்டிவிட்டுப் புது இழை பிணைக்க உன் அம்மா அவர் வீட்டில் இரண்டு நாள் உட்கார்ந்தாள். நீ மறுநாளிலிருந்து பள்ளிக்கு நடந்து போனாய். புதுப் பல்சக்கரம் போட்ட சைக்கிள் சுவரோரம் நின்றது. "எடுத்துட்டுப் போயேன், இப்ப சரியா இருக்குது" என்றேன். "எனக்கு சைக்கிள் வராதுப்பா" என்றாய். அப்போதும் சொல்லியிருக்கலாம். தஸ்தகீர் பாய் இரண்டு முறை கேட்டார், "பாப்பாகிட்ட சொல்லிட்டீங்களா சார்?" என்று. மூன்றாம் முறை கேட்டுவிடுவாரோ என்று நான் அவர் கடை வழியாகப் போவதையே விட்டேன். பள்ளிக்கு இரண்டு தெரு சுற்றிப் போனேன், அதுவும் பல வருஷம். அவர் காலமான செய்தி தெரிந்து போனபோது, அந்தக் கடை வாசலில் என் கால் கூசியது.

உன் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை, ஸ்கூட்டர் கற்றுக்கொள்கிறாயா என்று உன்னைக் கேட்டார். "நான் ஓட்டினா தெருவுல இருக்கற பட்டெல்லாம் போயிடும். எனக்குக் கவனம் பத்தாது, எங்கப்பாவைக் கேளுங்க" என்று சிரித்தாய். அவர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். உனக்குக் கவனம் பத்தாது என்று நீயே நம்புகிறாய். ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு மருந்துச் சீட்டையும் மூன்று முறை சரிபார்ப்பதால் உன்னோடு வேலை செய்பவர்கள் கேலி செய்கிறார்கள் என்று சொல்வாய். கேட்கிற மற்ற எல்லோரும் அந்தப் பழக்கத்துக்கு உன்னைப் பாராட்டுகிறார்கள். எனக்கு மட்டும் அது எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

நீ கவனமில்லாதவள் அல்ல. அன்று தப்பு செயினில் இருந்தது, அந்தச் செயின் என் தீர்மானம். பாய் எச்சரித்தார், நான் மறைத்தேன். பிறகு நிரூபித்தார், அதையும் மறைத்தேன். நீ மன்னிப்புக் கேட்டபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என்னை மன்னித்துவிடு என்று எழுத வந்தேன். அதை உன்னிடம் கேட்டு வாங்க எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை, ஆகவே கேட்காமல் விடுகிறேன். நீ தெரிந்துகொண்டால் போதும். இன்று காலை பத்து வீடு நடந்து ஏகாம்பரத்திடமும் சொல்லிவிட்டேன். அவருக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. இரண்டு முறை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்டிருக்கும். "அட, அதுவா சார்? அப்பவே பாய் எங்கிட்ட சொல்லிட்டாரே. நீங்களா சொல்லுவீங்கன்னுதான் பாத்துக்கினு இருந்தேன்" என்றார். பதினேழு வருஷம். அவர் தங்கச்சி பேத்தி நிச்சயத்துக்கு என்னைக் கூப்பிட்டபோதுகூட முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை கடைக்காரர் சொல்வது போலவே செய். செயினையும் பின் பல்லையும் சேர்த்து மாற்று. முன் பல்லையும் பார்க்கச் சொல். போட்டு முடித்ததும் அங்கேயே பின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு பெடலை அழுத்திக் காட்டச் சொல். டக்கென்ற சத்தம் வரக் கூடாது. என் பெயரைச் சொல்லி அவரிடம் எதையும் மறுக்காதே.

கையெழுத்துப் போடுமுன் எழுதியதை ஒரு முறை வாசித்தேன். முதல் மூன்றும் பெரும்பாலும் சரிதான் என்று நினைக்கிறேன். நான்காவது தவறு. நின்று மிதித்தால் மொத்த எடையும் செயினில் இறங்கும் என்பது சரி. ஆனால் அந்த எடையை இழுக்கத்தான் செயின் இருக்கிறது. நல்ல பல்லில் நல்ல செயின் ஓடினால் மேட்டில் யார் வேண்டுமானாலும் நின்று மிதிக்கலாம், எல்லா ஊரிலும் மிதிக்கிறார்கள். ஐந்தாவதைச் சொல்லாமல் இருப்பதற்காக நான் இத்தனை வருஷம் நான்காவதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். இந்தக் கடிதத்திலும் பழக்கத்தில் எழுதிவிட்டேன். பட்டியலில் அதை நீயே அடித்துவிடு. மேம்பாலத்தில் காற்று எதிரே வந்தால் எழுந்து நின்று மிதிம்மா.

உன்
அப்பா